எந்தத் தையல் நல்ல தையல்?

உங்கள் சட்டையின் தோளில் கிழிசல் கண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தையற்காரர் ஒருவர் ஒற்றைத் தையல் போட்டுத் தருகிறார். மற்றொருவர் அதன்மேல் இன்னொரு தையலும் ஓட்டித் தருகிறார். இரண்டில் எது நல்ல தையல்? கடையில் வைத்துப் பார்த்தால் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். அதை அணிந்துகொண்டு நீங்கள் கபடி ஆடும் நாளில்தான் தையலின் தரம் தெரியவரும்.

மனித உடலிலும் இத்தகைய தையல் ஒன்று உண்டு. சிசேரியன் அறுவையில் குழந்தையை வெளியே எடுத்தபின் தாயின் கருப்பையில் போடப்படும் தையலே அது. கருத்தரிக்காத கருப்பையின் எடை ஏறத்தாழ 70 கிராம். பேறுகாலத்தில் அது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் ஆகிவிடுகிறது. குழந்தை, பனிக்குட நீர், நஞ்சுக்கொடி யாவும் சேர்ந்து அதன் சுவரை இழுத்து விரிக்கின்றன. முதல் பேற்றில் போட்ட தையலின் தழும்பு, அடுத்த பேற்றில் இந்த இழுவையைத் தாங்கவேண்டும். தையல் போட்டது ஓராண்டில். அதற்குச் சோதனை வருவதோ மூன்றாண்டுகளோ ஐந்தாண்டுகளோ கழித்து.

அப்படியானால் எப்படிக் கீறவேண்டும், எப்படித் தைக்கவேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? மூத்த மருத்துவரின் அனுபவமா? பாடநூலின் வழக்கமா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுபவமும் வழக்கமும் கேள்விகளை எழுப்ப உதவும். விடை சொல்ல அவை போதா. இரண்டு முறைகளையும் நேர்மையாக ஒப்பிட்டு, தாயின் அடுத்த பேறு வரை பின்தொடர்ந்து பார்த்த பிறகே விடை சொல்லவேண்டும்.

இது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய பேச்சு என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் நடந்த பேறுகளில் நூற்றுக்கு 21.5 சிசேரியன் வழியே நடந்தவை. தமிழ்நாட்டில் இது நூற்றுக்கு 44.9. முதல் பேறு இப்படி நடந்த தாய்மாரில் பலர் இரண்டாம் முறையும் அறுவை மேசைக்கு வருகிறார்கள். உங்கள் வகுப்பறையில் இருப்போரில் சிலரோ பலரோ இந்த வாயில் வழியே உலகைப் பார்த்தவர்கள்தாம்.

ஆறு அடுக்குகள்

அறுவை செய்பவர் குழந்தையை அடைய ஆறு அடுக்குகளைக் கடக்கவேண்டும். முதலில் தோல். அதன்கீழ் கொழுப்பு. அடுத்து, வயிற்றுத் தசைகளைப் போர்த்தியிருக்கும் வலுவான வெண்ணிற உறை. பிறகு தசைகள், இவற்றை வெட்டுவதில்லை, நடுவில் விலக்கிக்கொள்கிறார்கள். ஐந்தாவதாக, வயிற்றறையின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய சவ்வு. மருத்துவர்கள் இதைப் பெரிட்டோனியம் என்பார்கள். கடைசியாகக் கருப்பையின் சுவர். குழந்தை வெளிவந்தபின் இதே வழியில் பின்னோக்கி வந்து அடுக்குகளைத் தைத்து மூடுகிறார்கள்.

ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு கேள்வி எழுகிறது. கத்தியால் கீறிக்கொண்டே போவதா, சிறிதளவு கீறிவிட்டு மீதியை விரல்களால் விரித்துக்கொள்வதா? கருப்பையை வயிற்றுக்கு வெளியே எடுத்து வைத்துத் தைப்பதா, உள்ளேயே வைத்துத் தைப்பதா? தையல் ஓர் அடுக்கா, இரண்டு அடுக்கா? பெரிட்டோனியத்தைத் தைப்பதா, அது தானே ஆறிக்கொள்ளும் என்று விட்டுவிடுவதா? எந்த நூலால் தைப்பது? இந்த ஐந்து கேள்விகளுக்கும் உலகெங்கும் மருத்துவர்கள் வெவ்வேறு விடைகளை அளித்துவந்தனர். ஒரே மருத்துவமனையில் இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் செய்வதும் உண்டு.

தையலே இல்லாத காலம்

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் இக்கேள்விகளில் பல எழவேயில்லை. அந்நாளில் மருத்துவர்கள் பெரும்பாலும் கருப்பையைத் தைக்காமலேயே விட்டுவிட்டார்கள். கருப்பை தானே சுருங்கிக் காயத்தை மூடிக்கொள்ளும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. இரத்தப்போக்காலும் நோய்த்தொற்றாலும் தாய்மாரில் பெரும்பாலோர் இறந்தனர். 1876இல் இத்தாலியின் பவியா நகரில் எடுவார்டோ போரோ என்னும் மருத்துவர், குழந்தையை எடுத்தவுடன் கருப்பையையும் அகற்றிவிட்டுத் தாயைக் காப்பாற்றினார். உயிர் பிழைத்தது, ஆனால் அத்தாய்க்கு இனி இன்னொரு குழந்தை இல்லை.

1882இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மாக்ஸ் சேங்கர் என்னும் மருத்துவர், கருப்பையை அகற்ற வேண்டியதில்லை, வெள்ளிக்கம்பியாலும் பட்டுநூலாலும் கவனமாகத் தைத்தால் போதும் என்று எடுத்துக்காட்டினார். இரண்டாவது சிசேரியன் என்னும் பேச்சே இந்தத் தையலுக்குப் பிறகுதான் பரவலாகப் பொருள் பெற்றது.

சேங்கர் காலத்தில் கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்காகக் கீறினார்கள். அந்தப் பகுதி தடித்த தசையால் ஆனது. பேற்றுவலியின்போது வலுவாகச் சுருங்குவதும் அதுவே. அங்கே உள்ள தழும்பு அடுத்த பேற்றில் பிரிந்துவிடும் அபாயம் மிகுதி. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிளாஸ்கோ நகரின் மன்றோ கெர் என்னும் மருத்துவர், கருப்பையின் மெல்லிய கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறையை வலியுறுத்தினார். இன்று பெரும்பாலான சிசேரியன்கள் இவ்வகையில்தான் செய்யப்படுகின்றன. நெடுக்குத் தழும்பு பேற்றுவலியின்போது பிரியும் வாய்ப்பு நூற்றுக்கு 4 முதல் 9 வரை என்று மதிப்பிடுகிறார்கள். கீழ்க்குறுக்குத் தழும்புக்கு அந்த வாய்ப்பு ஏறத்தாழ 200இல் ஒன்று. கீறலின் திசையும் இடமும் மாறியதால் விளைந்த வேறுபாடு இது.

வழக்கம் எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கும் இதே வரலாற்றில் சான்று உண்டு. 1916இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின், ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்ற பொருளில் எழுதினார். முதல் அறுவையை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள் என்று எச்சரிப்பதே அவருடைய நோக்கம். அவர் எழுதியது நெடுக்குக் கீறல் வழக்கில் இருந்த காலம். கீறல் மாறியது, வாசகம் மட்டும் மாறாத விதியாகப் பல்லாண்டுகள் நின்றுவிட்டது. கீழ்க்குறுக்குத் தழும்பு ஒன்று மட்டும் உள்ள தாய்மார், தகுந்த மருத்துவமனையில் இயல்பான பேற்றுக்கு முயன்றால், நால்வரில் ஏறத்தாழ மூவருக்கு அது கைகூடுகிறது என்பதை இன்று அறிவோம்.

இரண்டாம் முறை என்ன மாறுகிறது?

முதல் அறுவையில் அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று எளிதில் பிரிந்து வருகின்றன. இரண்டாம் அறுவையில் நிலைமை வேறு. ஆறிய காயங்கள் பல இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். கருப்பையின் முன்புறம் உள்ள சிறுநீர்ப்பை மேலே இழுக்கப்பட்டுத் தழும்போடு ஒட்டியிருக்கலாம். அதைச் சேதப்படுத்தாமல் பிரிக்கவேண்டும். குழந்தையை அடைய நேரம் கூடுதலாகும். ஆகவே முதல் அறுவையில் எந்த முறை ஒட்டுகளைக் குறைவாக உண்டாக்கும் என்பது இரண்டாம் அறுவைக்கான முக்கியமான கேள்வி.

இதைவிடக் கடுமையான இடர் ஒன்றும் உண்டு. நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் அமைந்து, கருப்பைச் சுவருக்குள்ளேயே வேர்விட்டதுபோல் ஊன்றிக்கொள்ளக்கூடும். அதைப் பிரிக்க முயன்றால் பெரும் இரத்தப்போக்கு ஏற்படும். அமெரிக்காவில் 30,000க்கும் மேற்பட்ட தாய்மாரை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்று இதை எண்களில் காட்டுகிறது. நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்துக் கீழே அமைந்திருந்த பெண்களிடையே, அது சுவரில் ஊன்றியிருந்த அளவு முதல் சிசேரியனில் நூற்றுக்கு 3, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61. இந்த ஏற்றத்தை வரைபடத் தாளில் குறித்துப் பாருங்கள். ஒவ்வோர் அறுவையும் அடுத்ததற்கு ஒரு சுமையை விட்டுச்செல்கிறது என்பது புலனாகும்.

அனுபவம் ஏன் போதாது?

"நான் இருபதாண்டுகளாக இப்படித்தான் தைக்கிறேன். ஒரு தழும்புகூடப் பிரிந்ததில்லை" என்று ஒரு மருத்துவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நாம் இரண்டு கேள்விகளைக் கேட்கவேண்டும்.

முதல் கேள்வி: அடுத்த பேற்றுக்கு அந்தத் தாய்மார் எல்லாரும் அவரிடமே வந்தார்களா? தலைப்பேறு தாய்வீட்டு ஊரில், இரண்டாம் பேறு கணவன் வீட்டு ஊரில் என்று அமைவது நம் நாட்டில் புதிதன்று. தையல் போட்டவர் ஒருவர். அதன் விளைவைக் காண்பவர் மற்றொருவர்.

இரண்டாம் கேள்வி: எண்ணிக்கை போதுமா? ஒரு நிகழ்ச்சி சராசரியாக 200 பேரில் ஒருவருக்கு நேர்வது என்று கொள்வோம். ஒருவருக்கு அது நேராதிருக்கும் வாய்ப்பு 199/200. 200 பேரில் ஒருவருக்குக்கூட நேராதிருக்கும் வாய்ப்பு, இந்தப் பின்னத்தை 200 தடவை பெருக்கினால் கிடைக்கும். கணக்கிட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 0.37 வரும். அதாவது 200 தாய்மாரைக் கவனித்த மருத்துவர்கள் நூறு பேர் இருந்தால், அவர்களில் சுமார் 37 பேர் "என் கையில் ஒன்றுகூட நேரவில்லை" என்று உண்மையாகவே சொல்ல முடியும். அதற்குக் காரணம் அவர்களுடைய தையல் அன்று, தற்செயல்.

அப்படியானால் பழைய பதிவேடுகளைப் புரட்டி நிறையப் பேரைக் கணக்கெடுத்தால் போதாதா? அதுவும் செய்யப்பட்டது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் 2002இல் வெளியான ஆய்வு, முன்பு ஒருமுறை சிசேரியன் நடந்து, அடுத்த பேற்றில் இயல்பாகப் பெற முயன்ற 1,980 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தது. முதல் அறுவையில் ஓரடுக்குத் தையல் போடப்பட்டவர்களில் நூற்றுக்கு 3.1 பேருக்குத் தழும்பு பிரிந்திருந்தது. இரண்டு அடுக்குத் தையல் போடப்பட்டவர்களில் அது 0.5 மட்டுமே.

இதைப் பார்த்தவுடன் வழக்கு முடிந்துவிட்டது என்று தோன்றும். சற்றுப் பொறுங்கள். யாருக்கு ஓரடுக்கு, யாருக்கு ஈரடுக்கு என்பதை முடிவு செய்தது யார்? ஒவ்வொருவரையும் அறுவை செய்த மருத்துவர்தான். நேரமில்லாத அவசர அறுவையில் ஓரடுக்கோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு முறையைக் கைக்கொண்டவர்கள் கைத்திறனிலோ நூலிலோ பிறவற்றிலோ வேறுபட்டிருக்கலாம். ஆய்வாளர்கள் தமக்குத் தெரிந்த வேறுபாடுகளைக் கணக்கில் சரிக்கட்டினார்கள். பதிவேட்டில் எழுதப்படாத வேறுபாட்டை எந்தக் கணக்காலும் சரிக்கட்ட முடியாது. இந்த ஆய்வு ஓர் எச்சரிக்கை மணி. அது தீர்ப்பு ஆகாது.

குலுக்கலின் நேர்மை

இரண்டு குழுக்களையும் எல்லா வகையிலும் ஒத்ததாக அமைக்க ஒரே வழி, யாருக்கு எந்த முறை என்பதைக் குலுக்கலுக்கு விட்டுவிடுவது. அப்போது திறமையான மருத்துவர், அவசர அறுவை, நலிந்த தாய் என்று எதுவும் ஒரு பக்கமாகச் சாயாது. நாம் அறிந்த வேறுபாடுகளும் அறியாத வேறுபாடுகளும் இரு குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடும்.

மகப்பேற்று மருத்துவம் இந்த வழிக்கு மெதுவாகத்தான் வந்தது. 1979இல் பிரிட்டனின் ஆர்ச்சி காக்ரேன் என்னும் மருத்துவர், குலுக்கல் ஆய்வுகளை மிகக் குறைவாகப் பயன்படுத்தும் துறை என்று மகப்பேற்றியலுக்கு 'மரக்கரண்டி' பட்டம் சூட்டினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத் தேர்வில் தேறியவர்களுள் கடைசி மாணவருக்கு வேடிக்கையாக மரக்கரண்டி அளிக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அத்துறையினர் இந்த ஏளனத்தைச் சவாலாக எடுத்துக்கொண்டார்கள். 1989இல் மகப்பேற்று ஆய்வுகளையெல்லாம் திரட்டிய பெருநூல் ஒன்று வெளிவந்தது. அதற்கு எழுதிய முன்னுரையில் காக்ரேன் அப்பட்டத்தைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நம் மண்ணிலும் இத்தகைய ஆய்வு நடந்துள்ளது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், வயிற்றைக் குறுக்காகத் திறக்கும் இரண்டு முறைகளை 101 பெண்களிடம் குலுக்கல் வழியே ஒப்பிட்டு 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்று, அடிவயிற்றின் கீழ்மடிப்பை ஒட்டி வளைவாகக் கீறும் பழைய முறை. மற்றொன்று, சற்று மேலே நேராகக் கீறி, அடுக்குகளைப் பெரும்பாலும் விரல்களால் விரிக்கும் முறை. இரண்டாவது முறையில், அறுவைக்குப் பின் முதல் சில மணி நேரத்தில் வலிமருந்து தேவைப்பட்டவர்கள் குறைவு. வலி குறைந்த தாய் குழந்தையை எளிதாக மடியில் எடுத்துக்கொள்வாள். சிறிய ஆய்வும் நேர்மையாக நடந்தால் பயன் தரும்.

ஆனால் அரிதாக நேரும் இடர்களை அறியப் பெரிய ஆய்வு வேண்டும். அப்படி நடந்ததே 'கொரோனிஸ்' என்னும் ஆய்வு. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வு மையம் ஒன்று இதை ஒருங்கிணைத்தது. இந்தியா, பாகிஸ்தான், கென்யா, கானா, சூடான், அர்ஜென்டினா, சிலி ஆகிய ஏழு நாடுகளில் 2007 முதல் 2010 வரை 15,935 தாய்மார் இதில் சேர்ந்தார்கள். முதல் சிசேரியனுக்கு வந்தவர்களும் இரண்டாம் சிசேரியனுக்கு வந்தவர்களும் இவர்களுள் இருந்தார்கள்.

நான் முன்பு சொன்ன அதே ஐந்து கேள்விகள்தாம் இந்த ஆய்வின் கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனி ஆய்வு நடத்தினால் எத்தனை ஆண்டுகள் ஆகும்! ஆகவே ஒவ்வொரு தாய்க்கும் ஐந்தில் மூன்று கேள்விகளுக்கு ஒரே சமயத்தில் குலுக்கல் போட்டார்கள். ஒரு தாய்க்கு 'விரலால் விரித்தல், ஓரடுக்குத் தையல், கேட்கட் நூல்' என்று வரலாம். மற்றொரு தாய்க்கு வேறு சேர்க்கை வரலாம். இப்படி ஒரே ஆய்வு ஐந்து கேள்விகளுக்கும் விடை தேடியது.

அறுவைக்குப் பின் ஆறு வாரங்கள் வரை மரணம், நோய்த்தொற்று, மறு அறுவை, கூடுதல் இரத்தம் ஏற்றவேண்டிய தேவை ஆகியவற்றைக் கணக்கெடுத்தார்கள். 2013இல் முடிவு வெளியானது. ஐந்து கேள்விகளில் எதிலும் இரு முறைகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. சராசரி 3.8 ஆண்டுகள் கழித்து 13,153 தாய்மாரைத் தேடிப்பிடித்து, அடுத்த கருப்பம் எப்படி இருந்தது, வயிற்றில் குடலிறக்கம் உண்டா, வலி உண்டா என்று கேட்டறிந்தார்கள். 2016இல் வெளியான அந்த முடிவும் அதேதான்: எந்த முறையும் மற்றதைவிட மேலானது என்று காட்டவில்லை.

தாய்மாரிடம் குலுக்கலா?

இங்கே உங்களில் சிலருக்கு ஓர் ஐயம் எழும். "ஒரு தாயின் உடலைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வதா? இது நியாயமா?" நல்ல கேள்வி. கேட்கவேண்டிய கேள்வி.

ஆனால் ஆய்வு நடக்காத மருத்துவமனையில் என்ன நடக்கிறது என்று எண்ணிப்பாருங்கள். திங்கட்கிழமை இரவு வலி எடுத்துவந்தால் ஒரு மருத்துவர். அவர் ஓரடுக்குத் தையல் போடுபவர். செவ்வாய்க்கிழமை வந்தால் வேறொருவர். அவர் ஈரடுக்குத் தையல் போடுபவர். தாய்க்கு எந்தத் தையல் என்பதை முறைப்பட்டியல் முடிவு செய்கிறது. இதுவும் ஒரு குலுக்கல்தானே? இதில் தாயின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. விளைவை யாரும் எழுதிவைப்பதில்லை. இதிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்வதும் இல்லை.

முறையான ஆய்விலோ இரண்டு முறைகளும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டவையாக இருக்கவேண்டும். எது மேல் என்பது உண்மையிலேயே தெரியாதிருக்கவேண்டும். தாயிடம் விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெறவேண்டும். மறுக்க அவளுக்கு உரிமை உண்டு. இந்த நிபந்தனைகளோடு நடக்கும் குலுக்கல், சொல்லாமல் நடக்கும் குலுக்கலைவிட நியாயமானது என்பதே என் உறுதியான கருத்து.

"வேறுபாடு காணோம்" என்பதும் விடையே

இத்தனை ஆயிரம் பேரை ஆராய்ந்து "வேறுபாடு காணோம்" என்றா சொல்வது, இதனால் என்ன பயன் என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

தையல் நூலையே எடுத்துக்கொள்வோம். கேட்கட் என்பது ஆடுமாடுகளின் குடலிலிருந்து செய்யப்படும் நூல். குரோமிய உப்பில் பதப்படுத்தினால் உடலுக்குள் கரைய அதிக நாளாகும். பாலிகிளாக்டின் என்பது செயற்கை நூல், விலை கூடுதல். விலையுயர்ந்த நூலே தாய்க்குப் பாதுகாப்பு என்று எண்ணுவது இயல்பு. இந்த ஆய்வில் அளந்த விளைவுகளில் இரண்டும் ஒத்திருந்தன. வசதி குறைந்த மருத்துவமனை ஒன்றில் தாயின் கருப்பை கேட்கட் நூலால் தைக்கப்பட்டிருந்தால், அவளுக்கு ஏதோ குறைவைத்துவிட்டதாக அஞ்சவேண்டியதில்லை. பெரிட்டோனியத்தைத் தைக்காமல் விட்டால் சில நிமிடங்களும் சிறிது நூலும் மிச்சம். அடுத்த தாய் காத்திருக்கும் இடத்தில் சில நிமிடங்கள் சிறிய பொருளல்ல.

அதே சமயம் இந்த விடையை அளவுக்கு மீறி நீட்டவும் கூடாது. கருப்பைத் தழும்பு பிரிவது மிக அரிது. இவ்வளவு பெரிய ஆய்விலும் அது ஒருசிலருக்கே நேர்ந்தது. ஆகவே ஓரடுக்கா ஈரடுக்கா என்னும் கேள்வியில் மான்ட்ரியலின் எச்சரிக்கை மணி முற்றிலும் ஓய்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மேலும் இந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் முதல், இரண்டாம் சிசேரியன்காரர்கள். மூன்றாம், நான்காம் அறுவைக்கு வரும் தாயின் உட்புறம் முற்றிலும் வேறானது என்று முன்பே கண்டோம். அவர்களுக்காகத் தனி ஆய்வுகள் வேண்டும். வேறுபாடு காணப்படவில்லை என்பதும் வேறுபாடு இல்லை என்பதும் ஒன்றல்ல. அறிவியல் பயிலும் நீங்கள் இவ்விரண்டையும் எப்போதும் பிரித்துப் பார்க்கவேண்டும்.

பீரோவில் இருக்கவேண்டிய ஒரு தாள்

கடைசியாக, உங்கள் வீட்டுக்குள்ளேயே வருகிறேன். இரண்டாம் அறுவைக்கு வரும் தாயின் வயிற்றில் மருத்துவர் காண்பது தோலின் தழும்பை மட்டும்தான். தோலில் குறுக்குத் தழும்பு இருந்தாலும் உள்ளே கருப்பையில் நெடுக்குக் கீறல் இருக்கக்கூடும். குறைமாதக் குழந்தையை எடுக்கும்போதும் வேறு சில இடர்களிலும் அப்படிக் கீற நேரிடும். நெடுக்குத் தழும்பு என்றால் அபாயம் எத்தனை மடங்கு என்று மேலே கண்டீர்கள். இயல்பான பேற்றுக்கு முயலலாமா, கூடாதா என்பது அந்த ஒரு செய்தியைப் பொறுத்தது. வெளித்தழும்பைப் பார்த்து அதை ஊகிக்க முடியாது.

அதைச் சொல்லக்கூடியது முதல் அறுவையின் குறிப்பு மட்டுமே. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை தரும் தாளில் "சிசேரியன் நடந்தது, தாயும் சேயும் நலம்" என்று இருந்தால் போதாது. கருப்பையில் கீறிய இடம், திசை, தையலின் அடுக்கு, நூல், உள்ளே ஒட்டுகள் இருந்தனவா, எதற்காக அறுவை தேவைப்பட்டது ஆகியவை தெளிவாக எழுதப்பட்டிருக்கவேண்டும். இதைக் கேட்டுப் பெறுவது ஒவ்வொரு தாயின் உரிமை என்று கருதுகிறேன். இதை எழுதப் பெரிய செலவோ புதிய கருவியோ தேவையில்லை. மருத்துவருக்கு ஐந்து நிமிடம் போதும். எழுதப்பட்ட இத்தகைய தாள்கள் திரண்டால், எதிர்கால ஆய்வுகளுக்கும் அவையே அடித்தளம்.

நம் வீடுகளில் நிலப்பத்திரத்தைப் பீரோவில் பூட்டி வைக்கிறோம். மின்கட்டண அட்டையைக்கூட உறையிட்டுப் பாதுகாக்கிறோம். மருத்துவமனைத் தாள் மட்டும் குழந்தை நடக்கத் தொடங்குவதற்குள் காணாமற்போய்விடுகிறது. உங்கள் அக்காவோ அத்தையோ அண்ணியோ சிசேரியன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தால், அந்தத் தாள் எங்கே என்று கேளுங்கள். அதை வாங்கிப் படித்துப் பாருங்கள். கருப்பையில் கீறிய விதம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால், அடுத்த முறை மருத்துவரைக் காணச் செல்லும்போது எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள். பிறகு அதை நிலப்பத்திரத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.